கணக்கைக் கழற்றும் உரிமை

விண்டோஸ் கணினியின் அமைப்புகள் பகுதியில் ஆக்டிவேஷன் என்ற பக்கத்தைத் திறந்தால் ஒரு வரி தெரியும். வீடுகளில் இருக்கும் பல கணினிகளில் அந்த வரி சொல்வது இது: உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைக்கப்பட்ட டிஜிட்டல் உரிமத்தால் இந்த விண்டோஸ் இயங்குகிறது. கணினி வாங்கியவர் இந்த இணைப்பைக் கேட்டிருக்க மாட்டார். முதல் நாள் பெட்டியைப் பிரித்து, வைஃபை கடவுச்சொல்லைத் தட்டி, மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்ததுமே அது தானாக நடந்து முடிந்திருக்கும். இணைப்பதற்குத் தனியாக ஒப்புதல் கேட்கவில்லை. பிரிப்பதற்குத் தனியாக ஒரு பொத்தானும் வைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய இயங்குதளத்தின் உரிமம், வாங்கியவரின் இணையக் கணக்கோடு சேர்வதா பிரிவதா என்பதை வாங்கியவரே தீர்மானிக்க வேண்டும் என்று வாதிடவே இதை எழுதுகிறேன்.

இந்த இணைப்பு இல்லாமல் விண்டோஸ் பல ஆண்டுகள் நன்றாகவே ஓடியது. விண்டோஸ் 95 காலத்தில் சிடி உறையில் அச்சிட்டிருந்த எண்ணைத் தட்டினால் போதும். அந்த எண்ணை யாரும் எங்கும் சரிபார்க்கவில்லை. ஒரே சிடி தெரு முழுக்கச் சுற்றியது. அதைத் தடுக்கத்தான் 2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் ஆக்டிவேஷன் வந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த 25 இலக்கக் குறியீடு ஒன்று. செயலி, ஹார்டு டிஸ்க், நினைவகம், நெட்வொர்க் கார்டு என்று கணினியின் பத்து உறுப்புகளிலிருந்து கணக்கிட்ட அடையாளம் ஒன்று. இரண்டும் சேர்ந்து மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதியும். அன்று இதற்கு உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. ஆக்டிவேஷன் வேறு, வாடிக்கையாளர் பதிவு வேறு. ஆக்டிவேஷனுக்குப் பெயரோ முகவரியோ வேண்டாம். இணையம் இல்லாதவர்கள் தொலைபேசியிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனம் அப்போது பதில் சொன்னது. சொன்னபடியே நடந்துகொண்டது. ஆள் யாரென்று தெரியாமலே உரிமத்தைச் சரிபார்க்க முடியும் என்பதை மைக்ரோசாஃப்ட்தான் உலகுக்குச் செய்து காட்டியது.

அடுத்து வந்த மாற்றங்கள் உரிமத்தை இன்னும் நெருக்கமாகக் கணினியோடு பிணைத்தன. விண்டோஸ் 7 வரை மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நான்கைந்து ஆண்டு பயன்பாட்டில் அதன் எழுத்துகள் தேய்ந்து அழிந்துவிடும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது கணினித் தயாரிப்பாளர்கள் அந்தக் குறியீட்டை மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது பலருக்குக் குறியீடு தட்டும் வேலையே இல்லாமல் போனது. கணினியின் அடையாளம் சர்வரில் இருந்தால் உரிமம் இருக்கிறது என்று பொருள். எத்தனை முறை அழித்து நிறுவினாலும் கணினி தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளும். இந்த நிலையில் எந்த மனிதருடைய கணக்கும் இடையில் தேவைப்படவில்லை.

2016 ஆகஸ்டில் வந்த 1607 என்ற பதிப்பில்தான் கணக்கு உள்ளே நுழைந்தது. நுழைந்த காரணம் நல்லது, அதை மறைக்கக் கூடாது. மதர்போர்டு எரிந்து புதிதாக மாற்றினால் சர்வரின் பார்வையில் அது வேறு கணினி, உரிமம் போய்விடும். உரிமத்தை முன்கூட்டியே கணக்கோடு இணைத்து வைத்திருந்தால், வன்பொருளை மாற்றிவிட்டேன் என்று சொல்லி அதை மீட்டுக்கொள்ளலாம். தனியாக விண்டோஸ் வாங்கி, தானே கணினி பூட்டிக்கொள்பவர்களுக்கு இது பெரிய உதவி. அது ஒரு வசதியாக மட்டும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

விண்டோஸ் 11 அந்த வசதியை வாசற்படியில் வைக்கும் நிபந்தனையாக மாற்றியது. 2021 அக்டோபரில் வெளியானபோது ஹோம் பதிப்பை நிறுவ இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கட்டாயம் ஆயின. 2022இல் வந்த புதுப்பிப்பில், சொந்தப் பயன்பாட்டுக்கு என்று நிறுவினால் புரோ பதிப்புக்கும் அதே கட்டாயம். விவரம் தெரிந்தவர்கள் நிறுவும் நேரத்தில் ஒரு கட்டளையைத் தட்டி இதைத் தாண்டிவந்தார்கள். 2025 மார்ச்சில் சோதனைப் பதிப்பிலிருந்து அந்தக் கட்டளை நீக்கப்பட்டது. மாற்று வழியாக இருந்தவையும் அதே ஆண்டு அக்டோபரில் சோதனைப் பதிப்பில் அடைக்கப்பட்டன. பாதுகாப்பு, முழுமையான அமைப்பு என்று காரணங்கள் கூறப்பட்டன. கணக்கு வேண்டாம் என்று தெரிந்தே சொல்பவருக்கும் ஏன் கதவு இல்லை என்ற கேள்விக்கு அந்தக் காரணங்களில் பதில் இல்லை.

பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதானால் 2025 அக்டோபர் 14ஐப் பார்க்க வேண்டும். அன்றோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தேவையான டிபிஎம் 2.0 சிப்போ புதிய தலைமுறைச் செயலியோ இல்லாததால் மேலே போக முடியாத, மற்றபடி நல்ல நிலையில் ஓடும் கணினிகள் உலகெங்கும் ஏராளம். அவற்றுக்கு மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்து மூன்று வழிகளை வைத்தது: 30 டாலர் கட்டலாம், அந்த நிறுவனத்தின் பரிசுத் திட்டத்தில் சேர்த்த 1,000 புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது கணினியின் அமைப்புகளை அதன் மேகச் சேமிப்பில் ஒத்திசைத்து இலவசமாகப் பெறலாம். மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கு. முழுப் பணத்தையும் கட்டத் தயாராக இருப்பவர்கூடக் கணக்கு இல்லாமல் வர முடியாது. ஐரோப்பாவின் நுகர்வோர் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. அதன் பிறகு ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும் ஒத்திசைவு நிபந்தனை இல்லாமல் இலவசமாகத் தர அந்த நிறுவனம் இசைந்தது. அங்கும் கணக்கு நிபந்தனை போகவில்லை. 60 நாட்களுக்கு ஒருமுறையாவது உள்நுழைய வேண்டும், இல்லையென்றால் திருத்தங்கள் நின்றுவிடும். ஏற்கெனவே விற்ற பொருளில் உள்ள ஓட்டையை அடைக்க, வாங்கியவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தன்னை அடையாளம் காட்ட வேண்டும் என்கிற இந்த ஏற்பாட்டை நாம் பழகிப்போன விஷயமாக ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பெரிய நிறுவனங்களுக்கு வேறு வழி இருக்கிறது. தொகுப்பு உரிமம் வாங்கும் அலுவலகம் தன் வளாகத்துக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்துக்கொள்ளலாம். குறைந்தது 25 கணினிகள் இருந்தால் போதும். அவை அந்த உள் சர்வரிடம் ஆக்டிவேட் ஆகி, 180 நாட்களுக்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ஊழியர் யாருடைய தனிக் கணக்கும் உரிமத்தில் ஒட்டாது. பேரம் பேசும் வலிமை உள்ளவருக்குக் கிடைக்கும் இந்த விடுதலை, கடையில் 40,000 ரூபாய் கொடுத்து மகளுக்கு மடிக்கணினி வாங்கும் தகப்பனுக்கு மறுக்கப்படுகிறது.

அந்தத் தகப்பனுக்குக் கணக்கு என்பது எவ்வளவு பலவீனமான நூல் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் எத்தனையோ பேருடைய மின்னஞ்சல், பிரவுசிங் சென்டரிலோ செல்பேசிக் கடையிலோ வேறொருவர் உருவாக்கிக் கொடுத்தது. கடவுச்சொல் ஒரு துண்டுத்தாளில் இருந்தது, தாள் தொலைந்துவிட்டது. மீட்புக்குக் கொடுத்த செல்பேசி எண் ரீசார்ஜ் செய்யாமல் துண்டிக்கப்பட்டிருக்கும். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இங்கே நடைமுறை. இப்போது மீட்புக் குறுஞ்செய்தி முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போகும்.

கணக்கு முடங்கினால் விண்டோஸ் அன்றே நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆக்டிவேட் ஆன கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும். மதர்போர்டு மாற்றும் நாளில்தான் உரிமத்தை மீட்க வழியில்லை என்று தெரியவரும். அதைவிடப் பெரிய ஆபத்து வட்டின் குறியாக்கத்தில் இருக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும் பெரும்பாலான கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காருகிறது. பயோஸ் புதுப்பித்தாலோ வன்பொருளில் ஏதேனும் மாறினாலோ ஒருநாள் நீலத் திரை வந்து அந்தச் சாவியைக் கேட்கும். சாவி இருக்கும் கணக்குக்குள் போக முடியாவிட்டால் திருமணப் படங்களும் கடைக் கணக்குகளும் ஆய்வேடும் அங்கேயே முடிந்தன. திருடனிடமிருந்து காப்பாற்ற வைத்த பூட்டு, உரிமையாளருக்கே தெரியாமல் பூட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் என் வருத்தம். குறியாக்கம் நல்லது. சாவியை ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் பூட்டியிருக்க வேண்டும்.

கணக்கை இழப்பதற்குக் கவனக்குறைவுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், நோயுற்ற தன் குழந்தையின் உடலைப் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பினார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள் மீதான குற்றப் படம் என்று கணித்தது. காவல்துறை விசாரித்து அவர்மீது குற்றம் இல்லை என்று முடித்த பிறகும் கணக்கு திரும்பவில்லை. மின்னஞ்சல், படங்கள், தொலைபேசி எண் எல்லாம் அதோடு போயின. அது வேறொரு நிறுவனம்தான். ஆனால் ஒரு கணக்கின் மேல் எத்தனை பொருள்களை அடுக்குகிறோமோ, அது விழும்போது அத்தனையும் விழும் என்பது எல்லாக் கணக்குக்கும் பொருந்தும்.

இந்தியாவிலேயே ஒரு சம்பவம் நடந்தது. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில், ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு ஏறத்தாழப் பாதிப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. சில நாட்களில் நயாராவின் மின்னஞ்சல் உள்ளிட்ட மைக்ரோசாஃப்ட் சேவைகள் நிறுத்தப்பட்டன. உரிமங்களுக்கு முழுப் பணமும் கட்டியிருக்கிறோம் என்று சொல்லி நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாத முடிவுக்குள் சேவை மீண்டது. இந்தியச் சட்டமோ அமெரிக்கச் சட்டமோ விதிக்காத தடை அது. ரஷ்ய எண்ணெய் பற்றி ஒருவர் என்ன கருத்தும் வைத்திருக்கலாம். பணம் கட்டிப் பெற்ற உரிமம், வெகுதொலைவில் ஒருவர் ஒரு கணக்கை முடக்கினால் பயனற்றுப் போகும் என்பது அந்தச் சில நாட்களில் இந்த நாட்டுக்குத் தெரிந்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் நீதிமன்றப் படியேறி மீட்டது. தனிமனிதர் எந்தப் படியேறுவார்?

இனி, பழைய கணினிச் சந்தை. சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் இரண்டாம் கை மடிக்கணினிக் கடைகள் இருக்கின்றன. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பல பிள்ளைகள் அங்கேதான் தங்கள் முதல் கணினியை வாங்குகிறார்கள். விற்றவர் தன் கணக்கிலிருந்து சாதனத்தை நீக்காமல் விட்டிருந்தால் உரிமத்தின் ஒரு முனை அவரிடமே இருக்கிறது. வீட்டை விற்ற பிறகும் ஒரு சாவியை வைத்துக்கொண்டிருப்பது போன்ற நிலை. கடைக்காரரே தன் கணக்கில் நிறுவிக் கொடுத்திருந்தால் வாங்கியவருக்கு அதைப் பற்றிய சேதியே தெரியாது. ஆப்பிள் கணினிகளில் இந்தச் சிக்கல் முற்றிய வடிவத்தில் இருக்கிறது. திருட்டைத் தடுக்க 2013இல் ஐபோனுக்கு வந்த ஆக்டிவேஷன் பூட்டு 2019இல் மேக் கணினிகளுக்கும் வந்தது. திருடர்களை அது உண்மையிலேயே தடுத்தது. கூடவே, முந்தைய உரிமையாளர் கணக்கைக் கழற்ற மறந்த நல்ல கணினிகளையும் மறுசுழற்சிக் கூடங்களில் உதிரிபாகமாக உடைக்க வைத்தது. மறதிக்கு இவ்வளவு பெரிய தண்டனை தேவையில்லை. விற்ற ரசீதையோ நேரடிச் சான்றையோ பார்த்து இணைப்பை நீக்கும் ஒரு வழி இருந்தால் திருடனும் தப்ப மாட்டான், கணினியும் குப்பைக்குப் போகாது.

சட்டம் இதில் வாங்கியவர் பக்கம் சாய்வதற்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. 2004இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில், சிடியில் அடைத்து விற்கும் மென்பொருள் விற்பனை வரிக்கு உரிய ஒரு சரக்கே என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. 2021 மார்ச்சில் இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில், இறுதிப் பயனர் ஒப்பந்தத்தோடு வாங்கும் மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் பதிப்புரிமைக்கான ராயல்டி ஆகாது, அது ஒரு பொருளின் விற்பனை விலைதான் என்று நீதிபதி நாரிமன் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இரண்டுமே வரி வழக்குகள். ஆனால் வரி வாங்கும்போது சரக்காக இருப்பது, வாங்கியவர் அதைக் கைமாற்ற நினைக்கும்போது மட்டும் வேறொன்றாகிவிடக் கூடாது.

ஐரோப்பா இந்தக் கேள்வியை நேராகவே சந்தித்தது. 2012 ஜூலை 3 அன்று யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில், காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமத்தை ஒருமுறை விலைக்கு விற்றுவிட்டால் அதன் மறுவிற்பனையைத் தடுக்கும் உரிமை தயாரிப்பாளருக்கு இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. இணையத்தில் தரவிறக்கிய மென்பொருளானாலும் சரி. விற்பவர் தன்னிடம் உள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாததாக்கிவிட வேண்டும் என்பது அதோடு வந்த நிபந்தனை. உரிமத்தைத் தன்னிடமிருந்து சுத்தமாகக் கழற்ற ஒரு கருவி கையில் இருந்தால்தானே விற்பவர் அந்த நிபந்தனையை நேர்மையாக நிறைவேற்ற முடியும்?

நம்மிடம் 2023ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஒப்புதல் சுதந்திரமாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே அது செல்லும். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று அதன் ஆறாவது பிரிவு சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 2027இல் நடைமுறைக்கு வருகின்றன. ஒரு நிமிடத்தில் இணைத்துவிட்டு, பிரிக்கும் வழியை மூன்று நான்கு பக்கங்களுக்குள் புதைத்து வைப்பது இந்தப் பிரிவின் முன் நிற்காது என்பது என் துணிபு. ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்று பயனரிடம் பேசியதற்காக 2024 நவம்பரில் வாட்ஸ்அப் வழக்கில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையம், விண்டோஸ் நிறுவும் திரையையும் ஒருமுறை பார்க்கட்டும்.

இன்றைய நிலையில் பிரிக்க விரும்புபவர் என்ன செய்யலாம்? முதலில் குறியாக்கத்தின் மீட்புச் சாவியைக் கணக்கிலிருந்து எடுத்து அச்சிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். இந்த வேலை முடியாமல் வேறெதையும் தொடக் கூடாது. மேகச் சேமிப்பில் உள்ள கோப்புகளைக் கணினிக்கே இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அமைப்புகளில் கணக்குகள் என்ற பகுதிக்குப் போய், உள்ளூர்க் கணக்கில் நுழையும் தேர்வுக்கு மாறலாம். கடைசியாக மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனங்கள் பட்டியலைத் திறந்து அந்தக் கணினியை நீக்க வேண்டும். இப்படிச் செய்தால் உரிமம் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். போகாது. கணினியோடு வந்த உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. கணக்கு போனாலும் அது அங்கேயே இருக்கும். தனியாக விலைக்கு வாங்கிய உரிமம் என்றால், 25 இலக்கக் குறியீட்டையும் வாங்கிய ரசீதையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. நாளை மதர்போர்டு மாற்றினால் கணக்கு செய்திருக்கும் உதவியை அவைதான் செய்ய வேண்டும்.

இவ்வளவும் கணினி பழகியவருக்கு அரை மணி நேர வேலை. மற்றவருக்கு இது எட்டாது. மைக்ரோசாஃப்ட் செய்ய வேண்டியது சிறியது: நிறுவும்போது கணக்கு இல்லாமல் தொடர்க என்ற தேர்வு, ஆக்டிவேஷன் பக்கத்திலேயே உரிமத்தைப் பிரிக்கும் பொத்தான், பிரிந்தது என்று உறுதிசெய்யும் ஒரு வரி. இறந்தவரின் கணினியை வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள, கடவுச்சொல் கேட்காத ஒரு வழியும் வேண்டும். அந்த நிறுவனம் கேட்கவே கேட்காது என்று கைவிட வேண்டியதில்லை. 2013இல் அதன் எக்ஸ்பாக்ஸ் ஒன் விளையாட்டுக் கருவி அறிவிக்கப்பட்டபோது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், பழைய விளையாட்டு வட்டுகளைக் கைமாற்றுவதில் கட்டுப்பாடு உண்டு என்றார்கள். வாடிக்கையாளர்கள் கொந்தளித்தார்கள். விற்பனைக்கு வரும் முன்பே, அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே இரண்டையும் திரும்பப் பெற்றார்கள்.

தமிழ்நாட்டில் இதைக் கேட்கும் இடம் ஒன்று தயாராக இருக்கிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்கள் கணினி பெற்றார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்த அளவில் கொள்முதல் செய்யும் அரசிடம் எந்த நிறுவனமும் பேச்சுக்கு உட்காரும். இனி வரும் ஒவ்வொரு டெண்டரிலும் மூன்று நிபந்தனைகள் இடம்பெற வேண்டும்: மாணவர் தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காமலே கணினியைத் தொடங்க முடிய வேண்டும், வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மீட்புச் சாவி அச்சிட்ட தாளாகப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், உரிமம் எந்தக் கணக்கோடும் இணையவில்லை என்பதை வழங்கும் நாளில் விற்பனையாளர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.